முட்டை விலையை யார் எழுதுகிறார்கள்?

பெங்களூரின் அல்சூரில் எங்கள் தெருமுனை முட்டைக்கடையில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. பள்ளிக்கூடச் சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரியது. காலையில் கடைக்கார அண்ணன் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு அன்றைய விலையைச் சாக்பீஸால் எழுதுவார். எழுதுவதற்கு முன் கைப்பேசியை எடுத்து ஒரு பார்வை பார்ப்பார். சில நாள் ஐந்து காசு ஏறியிருக்கும். சில நாள் பத்துக் காசு இறங்கியிருக்கும். ஐந்து காசு நாணயத்தைக் கண்ணால் பார்த்து எத்தனையோ வருடமாயிற்று. முட்டை வியாபாரத்தில் மட்டும் அது இன்னும் சாகவில்லை.

சேலத்திலிருந்து வேலைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் சித்தி மகனுக்கு இந்தப் பலகை எரிச்சலூட்டியது. "அக்கா, அரசாங்கம் எதற்காகத் தினமும் முட்டை விலையை மாற்றிக்கொண்டே இருக்கிறது? பால் விலை மாதிரி ஒரே விலையாக வைத்துவிடலாமே" என்றான்.

அவன் கேட்டதில் பிழையில்லை. பெங்களூரில் நந்தினிப் பாலின் விலையைக் கூட்டுவதென்றால் மாநில அமைச்சரவை வரை போக வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியது அப்படித்தான். பஸ் டிக்கெட்டுக்கும் மின்கட்டணத்துக்கும் பின்னால் எங்கோ ஓர் ஆணை இருக்கிறது. முட்டைக்கு அப்படி எதுவும் கிடையாது. நெல்லுக்கு இருப்பதுபோல் குறைந்தபட்ச ஆதரவு விலையும் இல்லை. இதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பும் இல்லை. கோழிக்கறிக்கும் இதே நிலைதான்.

அதற்காக அரசு ஒதுங்கி நிற்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். கோழிக்கு என்ன மருந்து கொடுத்தார்கள், பண்ணையின் கழிவு எங்கே போகிறது, கோழிக்கடை கோயிலிலிருந்து எத்தனை மீட்டர், தராசில் முத்திரை இருக்கிறதா, இன்றைக்குக் காந்தி ஜெயந்தியா என்று விலையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அரசு நுழைந்திருக்கிறது. அதுவும் ஒரே வாசல் வழியாக அல்ல, ஏழெட்டு வாசல் வழியாக. சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால் அந்த வாசல்களில் பாதிக்கு மேல் நானே மனுவோடு போய் நின்றிருக்கிறேன்.

சங்கம் சொல்லும் விலை

அண்ணன் கைப்பேசியில் பார்ப்பது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் விலைப்பட்டியல். நாமக்கல், சேலம் பக்கத்து நாளிதழ் படிக்கிறவர்களுக்கு என்இசிசி என்றால் உடனே விளங்கும். பெயரில் ‘தேசிய’ என்று இருப்பதால் அரசு வாரியம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பண்ணையாளர்களின் சங்கம், அவ்வளவுதான். அமைச்சர் யாரும் அதில் உட்கார்ந்திருக்கவில்லை.

அது எப்படி வந்தது என்று தெரிந்தால் மற்றது புரியும். 1980களின் தொடக்கம் வரை முட்டை விலையைப் பெருநகர மொத்த வியாபாரிகள்தான் நிர்ணயித்தார்கள். பண்ணையாளர் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, என்ன விலை போட்டார்கள் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முட்டையை ஒரு மாதம் பதுக்கிவைத்து நல்ல விலைக்கு விற்க முடியாது என்பது இரு தரப்புக்கும் தெரியும். அந்தப் பேரத்தில் யார் தோற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. தீவனச் செலவுகூடத் தேறாமல் பல பண்ணைகள் தள்ளாடின. புனேயில் வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ் நிறுவனத்தைத் தொடங்கி நடத்திய பி. வி. ராவ் ஊர் ஊராகப் போய்ப் பண்ணையாளர்களைச் சேர்த்து 1982இல் இந்தக் குழுவை அமைத்தார். ‘என் முட்டை, என் விலை, என் வாழ்வு’ என்பது அவர்களுடைய முழக்கம். ஞாயிறானாலும் திங்களானாலும் தினமும் முட்டை சாப்பிடுங்கள் என்று தூர்தர்ஷன் காலத்திலிருந்து இந்தியில் கூவிய விளம்பரமும் இவர்களுடையதே.

பட்டியலில் இரண்டு வகை ஊர்கள் இருக்கின்றன. நாமக்கல், ஹொசப்பேட்டை, மைசூரு, சித்தூர் போன்றவை கோழி வளர்க்கும் ஊர்கள். பெங்களூரு, சென்னை, மும்பை, தில்லி ஆகியவை தின்னும் ஊர்கள். நுகர்வு மையங்கள் என்று பட்டியலில் தனியாகக் குறித்திருப்பார்கள். விலை 100 முட்டைக்கு இத்தனை ரூபாய் என்றிருக்கும். கணக்குக்காக ஒரு நாள் பெங்களூரு விலை 550 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முட்டை ஐந்தரை ரூபாய். ஓர் அட்டைக்கு 30 முட்டை, ஆக 165 ரூபாய். ஏழு அட்டை கொண்டது ஒரு பெட்டி: 210 முட்டை, 1,155 ரூபாய். இதற்கு மேல் இறக்குக்கூலி, உடைசல், கடை வாடகை, அண்ணனின் லாபம் எல்லாம் சேர்ந்தால் கரும்பலகையில் ஆறரையோ ஏழோ வந்து நிற்கும். ஒரு பெட்டியில் நான்கு முட்டை உடைந்தால் அந்தப் பெட்டியின் லாபத்தில் கணிசமான பகுதி போயிற்று என்பார் அண்ணன். அதனால்தான் பெட்டியை இறக்கும்போது குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்குகிறார்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். என்இசிசி அறிவிப்பது ‘பரிந்துரை விலை’. ஒரு சங்கம் கூடி, இதற்குக் கீழே எவரும் விற்கக் கூடாது என்று கட்டளையிட்டால் அது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தோடு உரசும். போட்டியாளர்கள் பேசிவைத்து விலை கட்டுவதை அந்தச் சட்டம் தடுக்கிறது. பரிந்துரையை எவரும் மீறலாம். மீறவும் செய்கிறார்கள். நாமக்கல் பண்ணையாளர்களைக் கேட்டால் ‘மைனஸ்’ என்று ஒரு சொல் சொல்வார்கள். அறிவித்த விலையிலிருந்து முட்டைக்கு இத்தனை காசு கழித்துத்தான் எடுப்பேன் என்று வியாபாரி சொல்வதற்குப் பெயர் அது. தேக்கம் அதிகமானால் மைனஸும் அதிகமாகும். பட்டியல் விலை உயர்ந்திருக்கும்போதே பண்ணையாளர் கையில் குறைந்த பணம் வருவது இப்படித்தான். நாற்பது வருடத்துக்கு முன் பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் இப்படியொரு ஜன்னல் திறந்துகொண்டது. தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. இருந்தாலும் அமல்படுத்துவது கடினம் என்பதே என் எண்ணம்.

விலை ஏன் இப்படித் துள்ளுகிறது? கோழியை நிறுத்திவைக்க முடியாது என்பதே காரணம். முட்டைக்கோழி ஏறத்தாழ இருபதாவது வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, எழுபத்தைந்து எண்பதாவது வாரம் வரை ஏறக்குறைய தினமும் இடும். புரட்டாசி வந்துவிட்டது, தமிழர்கள் பாதிப்பேர் கவிச்சி தொட மாட்டார்கள் என்று அதற்கு யார் சொல்வது? கன்னடர்களின் சிராவண மாதத்திலும் சபரிமலைக்கு மாலை போடும் பருவத்திலும் அதே கதை. மறுபக்கம், குளிர்காலத்தில் வட மாநிலங்கள் அதிகம் வாங்கும். டிசம்பரில் கேக் கடைகள் பெட்டி பெட்டியாக எடுக்கும். 2023-24இல் நாட்டின் முட்டை உற்பத்தி சுமார் 14,277 கோடி. ஆளுக்கு வருடத்துக்கு 103 முட்டை. இவ்வளவு பெரிய ஓட்டத்தில் ஒரு வாரத் தேக்கம் என்பதே மலைபோல் குவிந்துவிடும்.

அரசே விலை போடும் ஓர் இடம் உண்டு. அங்கே அது சட்டம் போடுகிறவராக அல்ல, வாங்குகிறவராக நிற்கிறது. கர்நாடக அரசுப் பள்ளிகளில் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் நிதியுதவியோடு 2024 முதல் வாரத்துக்கு ஆறு நாள் முட்டை கொடுக்கிறார்கள். வாங்குவது, வேகவைப்பது, உரிப்பது எல்லாம் சேர்த்து ஒரு முட்டைக்கு 6 ரூபாய் என்று கணக்கிட்டார்கள். கடை விலை அதைத் தாண்டும் மாதங்களில் தலைமையாசிரியர்கள் என்ன பாடுபடுவார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். தினமும் நகரும் ஒன்றுக்கு நிலையான விலை வைத்தால் வரும் சிக்கல் அது. என் தம்பி கேட்ட கேள்விக்குப் பதிலில் ஒரு பாதி இதிலேயே இருக்கிறது.

வரி பற்றி ஒரே வரி: ஓட்டோடு இருக்கும் முட்டைக்கு ஜிஎஸ்டி கிடையாது.

பாய் கடையும் அளவு நாடாவும்

முட்டைக்கடையைவிடக் கோழிக்கடைக்கு விதிகள் அதிகம். இரத்தம், இறகு, கழிவு என்று கையாள வேண்டியவை இருப்பதால் அது நியாயமும்கூட. எங்கள் பகுதிக் கோழிக்கடை பாய் சில வருடங்களுக்கு முன் கடையை மாற்றினார். மனு எழுதியது நான்.

இரண்டு அனுமதி வேண்டும். ஒன்று மாநகராட்சியின் தொழில் உரிமம். 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்ட பிறகு, எந்த மாநகராட்சி என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்னொன்று 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ் வருவது. சிறு கடைக்குப் பதிவு போதும். பெரிய கடைக்கு உரிமம் வேண்டும். கோழி அறுக்கும் கடையென்றால் கோடு எங்கே விழுகிறது என்பது சுவாரசியமானது: ஒரு நாளைக்கு 50 கோழி வரை அறுத்தால் சிறு கடை. 51 என்றால் நீங்கள் வேறு ஆள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் கடையின் வரிசையைப் பார்த்தால், அந்த 50 காலை எட்டு மணிக்கே கடந்துபோகும். அதனால் அவரை உரிமம் எடுக்க வைத்தேன். பதிவோ உரிமமோ, பதினான்கு இலக்க எண் ஒன்று தருவார்கள். அதைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். பாய் அதை நாட்காட்டிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். முன்னால் மாற்றச் சொன்னேன்.

பிறகு வந்தது தூரக் கணக்கு. இறைச்சிக் கடை எந்த மதத்தின் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் குறைந்தது 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தலத்தின் வாசலுக்கு நேர் எதிரே என்றால் 100 மீட்டர். பாய் முதலில் பார்த்த இடம் ஓர் அம்மன் கோயில் இருக்கும் தெரு. வாடகை மலிவு. முப்பது மீட்டர் நாடாவை நானும் கடைப் பையனும் ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டு, சாக்பீஸால் கோடு போட்டு, மறுபடி நீட்டி அளந்தோம். சாக்கடை மூடி ஒன்றைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. நேர்கோட்டில் அளந்தால் நாற்பத்தாறு; நடக்கும் வழியில் அளந்தால் ஐம்பத்து மூன்று. எப்படி அளப்பது என்று தெருவில் நின்று வாதாடினோம். கோயில் பூசாரி வெளியே வந்து, என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, அவரும் நாடாவின் நடுவைத் தூக்கிப் பிடித்தார். கடைசியில் பாய் அந்த இடமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு தெரு தள்ளிக் கடை எடுத்தார். நான்கு மீட்டருக்காக நாளைக்கு ஒருவன் புகார் எழுதுவான், அதற்கு மாதம் ஆயிரம் ரூபாய் அதிக வாடகையே தேவலாம் என்பது அவர் கணக்கு.

வெட்டுக்கட்டை எதனால் ஆனது என்பது வரை விதி இருக்கிறது. உணவுக்கு ஏற்ற செயற்கைப் பொருளாக இருக்கலாம். மரமென்றால் உறுதியான, கெட்டியான மரமாக இருக்க வேண்டும். நம்மவர்கள் காலங்காலமாகப் புளியமரக் கட்டையைத்தான் பயன்படுத்துகிறார்கள். கத்தி துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். தராசு வேறொரு துறையின் கீழ் வருகிறது: எடையளவுத் துறை மின்தராசை வருடத்துக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வைக்கும். கோழிக்கடையில் ஏமாறுவதற்கு வாய்ப்புள்ள இடம் அதுதான் என்பதால் வாங்குகிறவர் பார்க்க வேண்டிய முதல் பொருளும் தராசுதான்.

விலை விஷயத்தில் கறிக்கோழியும் முட்டையின் வழியில்தான் போகிறது. பல்லடம் பகுதியை மையமாகக் கொண்ட கறிக்கோழி உற்பத்தியாளர் ஒருங்கிணைப்புக் குழு உயிர்க்கோழியின் பண்ணை விலையை அறிவிக்கும். நாளிதழில் பார்த்த விலைக்கும் பாய் சொல்லும் விலைக்கும் இடையில் பெரிய பள்ளம் இருக்கிறதே என்று பலர் சண்டைக்குப் போவார்கள். நாளிதழ் சொல்வது உயிரோடு இருக்கும் கோழியின் எடைக்கு. இரண்டு கிலோக் கோழியை அறுத்து உரித்தால் கையில் நிற்பது ஏறத்தாழ 1.3 அல்லது 1.4 கிலோ கறி. தோலோடு, தோலின்றி என்று இரண்டு விலை எழுதியிருப்பதும் அதனால்தான்.

கடைக்குள்ளேயே அறுக்கலாமா என்பது இன்னும் முழுதாகத் தீராத வழக்கு. அங்கீகரிக்கப்பட்ட அறுப்புக்கூடத்தில்தான் அறுக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் அறுப்புக்கூட விதிகள் சொல்கின்றன. நாடு முழுவதும் கோழியைக் கடையில்தான் அறுக்கிறார்கள். தில்லியில் காஜிப்பூர் கோழிச் சந்தைக்குள் அறுப்பதை 2018இல் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. 2023இல் குஜராத் உயர் நீதிமன்றத்தில், கோழி என்பது பறவையா விலங்கா என்ற கேள்வியே எழுந்தது. விலங்குதான் என்றது அரசுத் தரப்பு. பாயிடம் இதைச் சொன்னபோது, ஆட்டுக்குத் தனி விதி, கோழிக்குத் தனி விதி என்று எழுதியிருந்தால் அவர்களுக்கும் எங்களுக்கும் நிம்மதி என்றார்.

அறுப்பில்லா நாட்கள்

பெங்களூரில் புதிதாகக் குடியேறுகிறவர்களைத் திகைக்க வைப்பது இந்தப் பட்டியல். காந்தி ஜெயந்தி, காந்தி இறந்த ஜனவரி 30, மகாவீர் ஜெயந்தி, புத்த பூர்ணிமா, ராம நவமி, கிருஷ்ண ஜெயந்தி, விநாயகர் சதுர்த்தி, மகா சிவராத்திரி ஆகிய நாட்களில் மாநகராட்சி எல்லைக்குள் அறுப்பதும் இறைச்சி விற்பதும் தடை. ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கை வரும். முட்டை அந்தத் தடையில் இல்லை. அந்த நாட்களில் பாய் கடை மூடியிருக்கும். அண்ணன் கடையில் வரிசை இரண்டு மடங்காகும்.

இதைவிட விசித்திரமானது விமானக் கண்காட்சித் தடை. எலகங்கா விமானப்படைத் தளத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏரோ இந்தியா நடக்கும். 2025இல் ஜனவரி 23 முதல் பிப்ரவரி 17 வரை, அந்தத் தளத்தைச் சுற்றி 13 கிலோமீட்டருக்குள் இறைச்சிக் கடைகள் மூடப்பட்டன. ஓட்டல்கள் அசைவம் பரிமாறுவதற்கும் தடை வந்தது. காரணம் மதமல்ல, பருந்து. கழிவைத் தேடி வட்டமிடும் பருந்து விமானத்தில் மோதினால் உயிர்ச்சேதம். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் அறுப்பதையும் பறவைகளை ஈர்க்கும்படி கழிவு கொட்டுவதையும் 1937ஆம் ஆண்டின் விமான விதிகளிலேயே 91ஆவது விதி தடுக்கிறது. எலகங்காவில் கோழிக்கடை வைத்திருக்கும் பாயின் மைத்துனர் அந்த மூன்றரை வாரமும் இங்கே வந்து கடையில் உதவிக்கு நின்றார். விமானங்கள் சாகசம் காட்ட, கோழிக்கு ஆயுள் கூடியது என்று சொல்லிச் சிரித்தார். வாடகையை நினைத்தபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அட்டையில் எழுதியிருப்பது

உதிரியாக வாங்கும் முட்டையில் எழுத்து எதுவும் இருக்காது. ஆறு, பத்து என்று மூடிய பெட்டியில் வாங்கினால் சட்டம் மாறுகிறது. அடைத்தவர் பெயர், முகவரி, எத்தனை முட்டை, அடைத்த நாள், வரிகள் உட்பட அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. அந்த விலைக்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் குற்றம். உதிரி முட்டைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மாறாக, பேரம் பேசலாம்.

எடையை வைத்துத் தரம் பிரிக்க மத்திய அரசின் அக்மார்க் முத்திரை இருக்கிறது. 60 கிராமும் அதற்கு மேலும் மிகப் பெரியது. 53 முதல் 59 வரை பெரியது. 45 முதல் 52 வரை நடுத்தரம். 38 முதல் 44 வரை சிறியது. இது கட்டாயமில்லை, விரும்பினால் எடுக்கும் முத்திரை. எங்கள் அண்ணனுக்கு அக்மார்க் என்றால் நெய் டப்பாதான் நினைவுக்கு வரும். அவர் கண்ணாலேயே பிரித்து, சிறியதைத் தனி அட்டையில் ஐம்பது காசு குறைத்து வைக்கிறார். ஒரு நாள் சமையலறைத் தராசில் அவருடைய ‘பெரிய’ முட்டைகளில் பத்தை நிறுத்துப் பார்த்தேன். எட்டு முட்டை 53க்கு மேல் இருந்தன.

பழுப்பு முட்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. அதனால் சத்து கூடுவதில்லை. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கிரிராஜா போன்ற இனங்களும் பழுப்பு முட்டை இடும். எனவே நிறத்தைப் பார்த்து நாட்டு முட்டை என்று இரட்டை விலை கொடுப்பது அவரவர் விருப்பம், அவ்வளவே. பிளாஸ்டிக் முட்டை என்பது வதந்தி என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2018இல் விளக்கக் குறிப்பு வெளியிட்டுவிட்டது. எங்கள் குடும்பக் குழுவில் அந்தக் காணொளி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

மருந்தும் நோயும்

2025 டிசம்பரில் முட்டையில் புற்றுநோய்ப் பொருள் என்று ஒரு பீதி கிளம்பியபோது அண்ணனின் வியாபாரம் ஒரு வாரம் படுத்துவிட்டது. பேசப்பட்ட பொருள் நைட்ரோபியூரான் வகை மருந்தின் எச்சம். அந்த மருந்தைக் கோழி வளர்ப்பின் எந்தக் கட்டத்திலும் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. ‘கிலோவுக்கு 1 மைக்ரோகிராம்’ என்று ஓர் எண் இருக்கிறதே, அப்படியானால் கொஞ்சம் கொடுக்கலாமா என்று பலர் கேட்டார்கள். கூடாது. அது ஆய்வகக் கருவிகள் நம்பகமாகக் கண்டுபிடிக்கும் அளவைக் கொண்டு, நடவடிக்கை எடுப்பதற்காக வைத்த கோடு. பயன்படுத்த வழங்கிய அனுமதி அல்ல. நாட்டில் கிடைக்கும் முட்டை பாதுகாப்பானது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்போது விளக்கம் தந்தது. கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலக்கப்பட்டு வந்த கொலிஸ்டின் என்ற மருந்தை 2019 ஜூலையிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. மனிதர்களுக்கு வேறெந்த மருந்தும் பலிக்காதபோது கடைசியாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்குகளில் அதுவும் ஒன்று. கோழிக்குக் கொடுத்துக் கொடுத்துக் கிருமிகளைப் பழக்கிவிட்டால் மருத்துவமனையில் அது வேலை செய்யாது. இந்தத் துறையின் விதிகளில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். எங்கள் கடைகளில் இதைப் பற்றிக் கேட்ட வாடிக்கையாளர் ஒருவரையும் பார்த்ததில்லை.

பறவைக் காய்ச்சல் வந்தால் மட்டும் அரசு முழு அதிகாரத்தோடு இறங்கும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவில் முதல்முறை கண்டறியப்பட்டதிலிருந்து நடைமுறை உருவாகியிருக்கிறது: நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கோழிகளை அழிப்பார்கள், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள், அந்தப் பகுதியில் முட்டை, கோழி விற்பனை நிற்கும். அழித்த பறவைகளுக்கு மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி இழப்பீடு தரும். 2025இல் பக்கத்திலுள்ள சிக்கபள்ளாப்பூரில் வந்தபோது அல்சூரில் கோழி தின்பவர்களும் நிறுத்திவிட்டார்கள். 70 டிகிரி வெப்பத்தில் வெந்தால் வைரஸ் சாகும். நம் குழம்பு கொதிப்பது அதற்கும் மேலே. அரைவேக்காட்டு முட்டையைத் தவிர்த்தால் போதும் என்று பாய் பலகை எழுதி வைத்தார். எவரும் படிக்கவில்லை.

பண்ணையின் பக்கம் இன்னும் இரண்டு வாசல்கள். 5,000 கோழிக்கு மேல் வளர்த்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஈயும் நாற்றமும் பக்கத்து ஊருக்குப் போவதால் வந்த விதி. கூண்டின் அளவு பற்றிய வாதம் நீண்ட காலமாக ஓடுகிறது. முட்டைக்கோழிக்கு ஓர் ஏ4 தாளைவிடச் சிறிய இடம்தான் கிடைக்கிறது என்ற நிலையைப் பற்றி 2017 ஜூலையில் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையை எழுதியது. கூண்டை அகலமாக்கினால் முட்டைக்கு எத்தனை காசு கூடும் என்பதுதான் பண்ணையாளர்களின் கேள்வி. கோழிகளைத் தலைகீழாகக் கட்டி மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுப் போகிறவர்களைத் தெருவில் பார்க்கிறோம். தேவையற்ற வேதனை தரும்படி கொண்டுசெல்வது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வாங்குகிறவருக்குக் குறை இருந்தால் எங்கே போவது? அதிகபட்ச விலை, எடை, ஏமாற்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உணவில் சந்தேகம் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறை. கட்டணம் கட்டி, வாங்கிய உணவை நீங்களே பகுப்பாய்வுக்கு அனுப்பவும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40ஆவது பிரிவில் இடமிருக்கிறது. கடையின் பதினான்கு இலக்க எண்ணையும் பில்லையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சிறு கடைகளில் பில் தர மாட்டார்கள்; கேட்டால் அட்டையின் பின்புறம் எழுதித் தருவார்கள், அதுவும் உதவும்.

இவ்வளவையும் கேட்ட பிறகு என் தம்பி தன் கைப்பேசியிலும் விலைப்பட்டியல் பார்க்கத் தொடங்கிவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய், நாமக்கல்லில் இன்றைக்குப் பத்துக் காசு இறங்கியிருக்கிறதே, பலகையில் ஏன் இறங்கவில்லை என்று அண்ணனைக் கேட்டான். "நேற்று ஏற்றிய லாரிதான் தம்பி இன்றைக்கு இங்கே நிற்கிறது. நாளைக்கு வா" என்றார் அண்ணன். சொல்லிக்கொண்டே அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஓரத்தில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. அதை எடுத்துத் தன் பக்கம் வைத்துவிட்டு வேறொன்றை அந்தக் குழியில் பொருத்திக் கொடுத்தார்.